தெம்பே பற்றிக் கேட்டீர்கள்: பூஞ்சையும் பயறும்

செந்தூல் வாசகி: அக்கா, சோயாவை அவித்துச் சாப்பிடுவதைவிட தெம்பே நல்லது என்கிறார்களே, பூஞ்சை அப்படி என்ன செய்கிறது?

தெம்பே என்பது அவித்த சோயாவில் பூஞ்சை வளர்த்துக் கட்டியாக்கும் இந்தோனேசிய உணவு. அந்தப் பூஞ்சை, பயறுக்குள் கட்டுண்டு கிடப்பதை அவிழ்த்துவிடுகிறது. சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன்கள் என்ற தாவரச் சேர்மங்களில் பெரும்பகுதி சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தெம்பேவில் வளரும் ரைசோபஸ் பூஞ்சை, பீட்டா குளுக்கோசிடேஸ் என்ற நொதியைச் சுரந்து அந்தச் சர்க்கரையை வெட்டிவிட, டெய்ட்சீன், ஜெனிஸ்டீன் என்ற ஐசோஃபிளேவோன்கள் தனியாக வெளிவருகின்றன. செல்சுவரில் ஒட்டியிருந்த ஃபீனால்கள் என்ற வேறு தாவரச் சேர்மங்களும் ஓரளவு கழன்று வரும். ஆய்வகத்தில் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் கூடித் தெரிவது இதனால்தான். 1964லேயே தெம்பேவிலிருந்து இப்படிப்பட்ட ஒரு ஐசோஃபிளேவோனைப் பிரித்தெடுத்து எழுதிவிட்டார்கள். ஆனால் சோதனைக் குழாயில் இரண்டு மடங்கு என்றால் உடம்பிலும் இரண்டு மடங்கு என்று அர்த்தமில்லை, தயவுசெய்து இதை மருந்தாக நினைத்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பாயான் லெப்பாஸ் தம்பி: சந்தையில் வாங்கிய தெம்பேவில் கறுப்புப் புள்ளிகள். வீசிவிடலாமா?

வேண்டாம் தம்பி. காற்று அதிகம் பட்ட இடத்தில் பூஞ்சை வித்து விட்டிருக்கிறது, அவ்வளவுதான். முகர்ந்து பாருங்கள்: காளான் வாசம் வந்தால் சரி, மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி என்றால் நாள் கடந்துவிட்டது. பிசுபிசுப்போ பச்சை, இளஞ்சிவப்பு நிறமோ தெரிந்தால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: கொண்டைக்கடலை, கொள்ளில் செய்தால் அதே பலன் உண்டா?

செய்யலாம், நானும் செய்கிறேன். சோயா அளவுக்கு ஐசோஃபிளேவோன் இருக்காது, ஃபீனால்கள் உண்டு. ஒரு விஷயம் கவனியுங்கள், கறுப்புக் கொண்டைக்கடலையிலும் கொள்ளிலும் நிறம் தரும் பொருள்கள் பெரும்பாலும் தோலில்தான், அதை முழுக்க உரித்துக் கொட்டினால் பாதிச் சரக்கு போய்விடும். அதற்காக முழுசாக விட்டால் பூஞ்சை உள்ளே நுழையாது, அதனால் ஒன்றிரண்டாக உடைத்து, தோலில் கொஞ்சம் அப்படியே விட்டு அவியுங்கள். நீர் நன்றாக வடிந்து மேற்பரப்பு காய்ந்த பிறகுதான் பூஞ்சைத் தூள் (பூஞ்சை வளர்வதற்கான வித்துத் தூள்) தூவ வேண்டும். 30 டிகிரி போதும், நம் ஊர் வெயிலுக்குத் தனிப் பெட்டி தேவையில்லை, ஒன்றரை நாளில் வெள்ளையாகப் பின்னிக்கொள்ளும். ஆனால் பொட்டலம் தடிமனாகிவிடக் கூடாது, பாதி வழியில் தெம்பே தானே சூடேறும், நடுப்பகுதி வெந்து பூஞ்சை செத்துவிடும்.

பட்டர்வொர்த் வாசகி: நாங்கள் சுத்த சைவம். தெம்பே சாப்பிட்டால் வைட்டமின் பி12 கிடைத்துவிடும் இல்லையா அக்கா?

அதை நம்பி இருக்காதீர்கள். பி12ஐ பூஞ்சை செய்வதில்லை, கூடவே வளரும் சில பாக்டீரியாக்கள்தான் செய்கின்றன, அவை எல்லாப் பொட்டலத்திலும் இருக்காது. இரத்தப் பரிசோதனை செய்து, குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் மாத்திரையைச் சாப்பிடுங்கள்.