மேகத்துக்கு மேலே ஏது மழை?

வணக்கம் அண்ணா,

சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறோம். மகள் பாலர் பள்ளியில் இரண்டாம் ஆண்டு. வீவக கட்டிய அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்கலாம் என்று 2024 செப்டம்பரில் விதி மாறியதும், அவள் கெஞ்சியதற்காக ஒன்றை எடுத்து வளர்க்கிறோம்.

போன வாரம் சமைக்கும்போது அவளுக்கு டாம் அண்ட் ஜெர்ரி போட்டுவிட்டேன். பழைய படம். டாம் செத்து மேலுலகம் போகிறது. அங்கே செத்த பூனைகளின் வரிசை. அதில் ஒரு சாக்கு நீர் சொட்டச் சொட்ட வருகிறது, உள்ளேயிருந்து மூன்று குட்டிகள். “சாக்கு ஏம்மா நனைஞ்சிருக்கு?” என்றாள். எனக்குச் சுரீரென்றது. “மழைம்மா” என்று சொல்லி டிவியை அணைத்துவிட்டேன். அன்றிலிருந்து ராத்திரியில் எழுந்து பூனை இருக்கிறதா என்று பார்க்கிறாள். நேற்று சோறு தின்றுகொண்டே, “மேகத்துக்கு மேல மழை பெய்யாதேம்மா” என்றாள்.

இதையெல்லாம் பிள்ளைகளுக்கென்று எப்படித்தான் எடுக்கிறார்கள்? ஜப்பானில் கார்ட்டூன் பார்த்தே பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், எல்லாவற்றையும் நிறுத்து என்கிறார் கணவர். அது உண்மையா? நிறுத்திவிடட்டுமா?

பெயர் வேண்டாம்,
ஈசூன்

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகளுக்கு ஒரு சபாஷ். அந்தப் பூனை வரிசை மேகத்துக்கு மேலே நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மழைக்கு அங்கே வழியில்லை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஜப்பான் விஷயத்தை முடித்துவிடுகிறேன். உண்மைதான். 1997 டிசம்பர் 16 அன்று ஒளிபரப்பான போக்கிமான் பகுதி அது. 600க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் அங்கே கதை யாரையும் பயமுறுத்தவில்லை. சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக மின்னியது சில பிள்ளைகளுக்கு வலிப்பைத் தூண்டிவிட்டது. அந்தப் பகுதியை மறுபடி ஒளிபரப்பவே இல்லை. உங்கள் வீட்டுப் பிரச்சினைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கணவரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் போட்டது 1949-இல் வந்த படம். ஹன்னாவும் பார்பெராவும் 1940 முதல் 1958 வரை எடுத்த டாம் அண்ட் ஜெர்ரி படங்கள் தியேட்டரில் ஓடியவை, பெரிய படத்துக்கு முன்னால் போடுவதற்காக எடுத்தவை. பார்த்தவர்களில் பிள்ளைகளும் உண்டு, வேலை முடிந்து வந்த பெரியவர்களும் உண்டு. நனைந்த சாக்கு அந்தப் பெரியவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டித் தண்ணீரில் போடுவது அன்று ஊரறிந்த கொடுமை. என் பாட்டி வீட்டில் பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டு வருவார்களாம். வீடு திரும்பினால் அது அடுப்படியில் உட்கார்ந்திருக்குமாம். இதைப் பாட்டி சிரிப்புக் கதையாகத்தான் சொல்வார்.

சரி, ஏன் அந்த இரண்டு நொடி மட்டும் உங்கள் மகளைப் பிடித்துக்கொண்டது? டாமின் தலையில் விழாத சாமான் உலகத்தில் இல்லை. அப்பளமாக நசுங்குவான், அடுத்த காட்சியில் முழுசாக ஓடிவருவான். இங்கே யாருக்கும் வலிக்காது என்று பிள்ளைக்கு அந்தப் படங்கள் கொடுத்திருக்கும் வாக்கு அது. அந்தத் தைரியத்தில்தான் சிரிக்கிறார்கள். இந்தப் படத்தில் பியானோ மாடிப்படியில் உருண்டு வந்து அவனை நசுக்குகிறது, அவன் எழுந்திருக்கவில்லை. வாக்கு போச்சு. பிறகு அந்தச் சாக்கு. ரத்தமில்லை, அழுகையில்லை, குட்டிகள் பார்க்க அழகாகவே இருக்கின்றன. என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை, பார்க்கிற பிள்ளைதான் கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்க வேண்டும். 1942-இல் வந்த பேம்பியிலும் தாய்மான் சாவதைக் காட்டமாட்டார்கள். ஒரு துப்பாக்கிச் சத்தம், அப்புறம் பனி. அவ்வளவுதான், ஆனால் பார்த்த யாரும் அதை மறப்பதில்லை.

என் கதையைச் சொல்கிறேன். சின்ன வயதில் பாசிர் பாஞ்சாங்கில் இருக்கும் ஹா பார் வில்லாவுக்குக் கூட்டிப்போனார்கள். டைகர் பாம் தைலம் விற்ற ஆவ் பூன் ஹா தம்பிக்காக 1937-இல் கட்டிய இடம். அங்கே நரகத்தின் பத்து மன்றங்களைப் பொம்மையாகச் செய்து வைத்திருப்பார்கள். நாக்கை இழுத்து அறுக்கிறார்கள், கத்தி மேல் எறிகிறார்கள், எங்கும் சிவப்புச் சாயம். பாட்டி என் கையைப் பிடித்தபடி, “பாத்தியா, பொய் சொன்னா இதான்” என்று ஒவ்வொன்றுக்கும் உரை சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

அதே வருடமோ அடுத்த வருடமோ, பக்கத்து வீட்டு வீடியோவில் பினோக்கியோ போட்டார்கள். 1940-இல் வந்த டிஸ்னி படம். ஊர்சுற்றும் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டே இருக்கும்போது காது நீள்கிறது, வால் முளைக்கிறது. சுவரில் நிழல் மட்டும் தெரிகிறது. அம்மா என்று கூப்பிடுகிறான், குரல் பாதியில் கழுதைக் கத்தலாகிவிடுகிறது. கழுதையான பையன்களை யாரும் மீட்பதில்லை, படம் அவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். எங்கள் வீட்டில் அப்பாவுக்குக் கோபம் வந்தால் வாயில் வரும் முதல் வார்த்தை ‘கழுதை’. மார்க் குறைந்தால் கழுதை, தண்ணீரைக் கொட்டினால் கழுதை. எத்தனையோ நாள் போர்வைக்குள் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஏனென்று அப்பாவிடம் எப்படிக் கேட்பது? அவர்தானே கழுதை என்றவர்!

நரகத்தில் பாட்டி கூட இருந்தார், அது பயமுறுத்தும் இடம் என்று தெரிந்தே போனேன். கார்ட்டூனில் சிரிக்க உட்கார்ந்திருந்தேன், தனியாக. உங்கள் மகளும் அப்படித்தான் அகப்பட்டாள். நீங்கள் சமையலறையில் இருந்ததைக் குறை சொல்லவில்லை. நானும் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் போட்டுவிட்டுத்தான் இதுவரை எழுதிய பாதியை எழுதினேன்.

பிஜி, பிஜி13 என்று படத்துக்குப் போடும் தணிக்கை எழுத்துகளும் இதற்கு உதவாது. வீட்டில் பூனை இருக்கிறதா என்று பார்த்தா எழுத்துப் போடுவார்கள்? ஆகவே மொத்தமாக நிறுத்தாதீர்கள். ஒன்றே ஒன்றை மட்டும் நான் தடுப்பேன்: 1956-இல் வந்த படம், டாமும் ஜெர்ரியும் காதலில் தோற்றுத் தண்டவாளத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ரயில் கூவும் சத்தத்தோடு முடிந்துவிடும். அதில் யாரும் கனவிலிருந்து எழுவதில்லை.

உங்கள் படத்தில் எழுகிறார்கள். நீங்கள் அணைத்துவிட்டதால் உங்கள் மகளுக்கு அது தெரியாது. என் கணக்கில் உங்கள் வீட்டில் நடந்த தப்பு இது ஒன்றுதான். மழை என்று சொன்னதைக்கூட நான் தப்பென்று சொல்லமாட்டேன். அந்த நொடியில் எனக்கும் மழைதான் வாயில் வந்திருக்கும். ஆனால் அவள் அதை நம்பவில்லை. அம்மாவே மறைக்கிறாள் என்றால் ரொம்பப் பெரிய விஷயம் போலிருக்கிறது என்று இரவெல்லாம் காவல் இருக்கிறாள். “மழை இல்லம்மா, நீ சொன்னதுதான் சரி. சில பேர் குட்டி வேண்டாம்னு தண்ணியில போட்டுடுவாங்க. அது பெரிய தப்பு. நம்ம பூனை நம்மகிட்டதான் இருக்கும்.” இவ்வளவு போதும். மேற்கொண்டு கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில்.

அப்புறம் மீதிப் படத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்து போடுங்கள். சாக்கு வரும் இடத்திலிருந்தே போடுங்கள். வாசலில் பேரேட்டோடு நிற்கும் பூனை, குட்டிகளைப் பார்த்ததும் இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்பது போல முணுமுணுக்கும். சமையலறையில் உங்களுக்கு அது காதில் விழுந்திருக்காது. கொப்பரையோடு ஒரு பேய் நாய் வரும், அப்போது கையைப் பிடித்துக்கொள்வாள், பிடிக்கட்டும். ஜெர்ரி மன்னித்ததாகக் கையெழுத்துப் போட்டால்தான் டாமுக்கு மேலுலக ரயிலில் இடம். அதை வாங்கிப் போய்ச் சேர்வதற்குள் ரயில் போய்விடும், டாம் கீழே விழுவான். கண் விழித்தால் கணப்பருகே படுத்திருக்கிறான், தெறித்த நெருப்பு சுட்டிருக்கிறது. ஓடிப்போய் ஜெர்ரியைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுப்பான். ஜெர்ரிக்கு ஒன்றும் புரியாது.

அந்த மூன்று குட்டிகளும் கனவுதானா என்று உங்கள் மகள் நிச்சயம் கேட்பாள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.