கரண்டி ஆண், முள்ளுக்கரண்டி பெண்: ஜேர்மன் பால் ஏன் கதைக்கும்போது குழம்புகிறது?

வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்கிறார்: "ஜேர்மன் ஏ2 சோதனைக்குப் படிக்கிறேன். எழுதும்போது பெயருக்கு முன்னால் வரும் டேர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டஸ் (மூன்றாவது பால்) சரியாக வருகிறது, கதைக்கும்போது குழம்புகிறது. பாலுக்கொரு நிறமாகக் கொப்பியில் சொற்களை எழுதிப் பாடமாக்கியும் பலனில்லை. என்ன செய்யலாம்?"

உங்கள் ஞாபகசக்தியில் குறையில்லை. தமிழில் பாலைச் சொல்லோடு சேர்த்துப் பாடமாக்கும் தேவை நமக்கு இருந்ததே இல்லை. ஆளா பொருளா, ஆணா பெண்ணா என்று தெரிந்தால் போதும்; வந்தான், வந்தாள், வந்தது தானாக வரும். அதுவும் வாக்கியத்தின் கடைசியில், ஆறுதலாக. ஜேர்மனில் கரண்டி ஆண்பால், முள்ளுக்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமில்லாத மூன்றாவது. பொருளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது. போதாக்குறைக்கு ஆர்ட்டிக்கிள் (டேர், டீ, டஸ், ஐன் போன்ற சொல்) பெயருக்கு முன்னால் நிற்கிறது. பெயர் வாயில் வருமுன்பே பால் தெரிந்தாக வேண்டும். எழுதும்போது யோசிக்க நேரமுண்டு, கதைக்கும்போது இல்லை.

தாய்மொழிக்காரருக்குச் சொல்லும் பாலும் ஒட்டியே கிடக்கின்றன. இத்தாலியர்களிடம் செய்து 1997இல் வெளியான ஓர் ஆய்வில், சொல் நுனிநாக்கில் நின்று வர மறுத்தபோதும் அதன் பாலை, ஊகித்தால் கிடைப்பதைவிட அதிக தடவை சரியாகச் சொன்னார்கள்.

உங்களுக்கு உதவக்கூடியது டச்சு ஆய்வுதான். 1993இல் ஷ்ரீஃபர்ஸ் என்பவர் படங்களைக் காட்டிப் பெயரடையோடு சேர்த்துச் சொல்லச் சொன்னார். படத்தின் மேல் வேறு பாலுக்குரிய சொல் எழுதியிருந்தால் பதில் தாமதமானது. பின்னர் 1998இல் வேறு சிலர் வெறும் பெயரை மட்டும் சொல்ல வைத்தபோது அந்தத் தாமதத்தைக் காணோம். வெறும் பெயருக்குப் பாலை எடுக்கவே வேண்டியதில்லை என்பது பலரின் முடிவு. (இத்தாலிய மொழியில் முடிவுகள் வேறு மாதிரி, அந்த வாதத்தை விட்டுவிடுவோம்.)

அப்படியென்றால் தனிச்சொல்லாகப் பாடமாக்கினால், நிறம் எதுவானாலும், கதைக்கும்போது வேண்டிய வேலைக்குப் பயிற்சியே கிடைக்காது. சொற்றொடராக, சத்தமாகச் சொல்லுங்கள். பெயரடையும் வேண்டும்: ஐன் ரோட்டர் லோஃபெல், ஐனே ரோட்டே காபெல், ஐன் ரோட்டஸ் மெஸர். சிவப்புக் கரண்டி, சிவப்பு முள்ளுக்கரண்டி, சிவப்புக் கத்தி. முதலாவதிலும் கடைசியிலும் ஆர்ட்டிக்கிள் ஒன்றேதான். பாலைக் காட்டுவது பெயரடையின் வால். மழுப்ப இடமில்லை. பாத்திரம் கழுவும்போது கைக்கு வருவதையெல்லாம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். -உங், -ஹைட், -கைட் என்று முடிந்தால் பெண்பால் என்ற விதி புதுச் சொற்களுக்கு உதவும், கரண்டிக்கு உதவாது.

சோதனையில் மாட்டிக்கொண்டால் ஒரு குறுக்கு வழி: எழுவாய் பன்மையானால் எல்லாவற்றுக்கும் 'டீ'தான். ஆனால் பன்மை வடிவங்களைப் பாடமாக்கியிருக்க வேண்டும், அது வேறொரு தலையிடி.