பில்லியர்ட்ஸ் மேசையும் வாக்காளர் பட்டியலும்

வணக்கம் ஐயா,

தாதாபாய் நௌரோஜி லிபரல் கட்சி வேட்பாளராக பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்ட 1892 தேர்தலைப் பற்றிப் படிக்கும்போது இங்கிலாந்தின் லிபரல், கன்சர்வேடிவ் கட்சிகளின் கிளப்புகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஊருக்கு ஊர் இருந்த அந்தக் கிளப்புகளில் பீரும் பில்லியர்ட்ஸும்தான் பிரதானம் என்கிறார்கள். அவை அரசியல் அமைப்புகளா, கட்சிப் பலகை மாட்டிய மதுக்கடைகளா?

— வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும்தான். பீர் வருமானம் இல்லையென்றால் அந்த அரசியலில் பெரும்பகுதி நடந்திருக்காது.

1883இல் வந்த தேர்தல் முறைகேடு தடுப்புச் சட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். வேட்பாளரின் செலவுக்கு அது உச்சவரம்பு வைத்தது. வீடு வீடாக ஓட்டுக் கேட்கக் கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது என்றது. மது விற்கும் இடத்தில் தேர்தல் அலுவலகம் வைப்பதையும் தடுத்தது. ஆனால் 'நிலையான அரசியல் கிளப்'புக்கு மட்டும் விலக்கு. சம்பளமில்லாமல் உழைக்க ஆளும், அவர்கள் கூட ஓர் இடமும் வேண்டும்; இரண்டையும் கிளப் கொடுத்தது.

மதுவுக்கு உரிமமும் தேவைப்படவில்லை. பீப்பாய் உறுப்பினர்களின் பொதுச் சொத்து. அறங்காவலர்கள் பெயரில் வாங்கப்படும். லாபம் எந்தத் தனி ஆளுக்கும் போகாது. எனவே உறுப்பினர் காசு கொடுத்துக் குடித்தாலும் அது 'விற்பனை' ஆகாது என்று 1882இல் கிராஃப் எதிர் எவன்ஸ் வழக்கில் தீர்ப்பானது. உறுப்பினரல்லாதவரிடம் கிளப் ஊழியர் காசு வாங்கிவிட்டால் மட்டும் சிக்கல்: உரிமமில்லா விற்பனைக் குற்றம். விருந்தாளி பைக்குள் கைவிடக் கூடாது, அழைத்து வந்தவர்தான் கொடுக்க வேண்டும் என்ற கறார் அதனால் வந்தது. 1881 சட்டம் வேல்ஸில் ஞாயிறன்று மதுக்கடைகளை மூடியது, கிளப்புகளைத் தொடவில்லை. விளைவை நீங்களே ஊகிக்கலாம். கிளப்புகள் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற விதி 1902இல்தான் வந்தது.

ஒரு தொழிலாளியால் கட்ட முடிந்த சந்தா வாடகைக்கே போதாது. மிச்சத்தை மதுவும் பில்லியர்ட்ஸ் கட்டணமும் ஈடுகட்டின. வாசிப்பறைப் பத்திரிகைகளும் சொற்பொழிவுகளும் அந்தக் காசில்தான்.

உண்மையான அரசியல் வேலை மேடையில் இல்லை, வாக்காளர் பட்டியலில் இருந்தது. வீட்டில் குடியிருப்பது போன்ற வாக்குத் தகுதி ஜூலை 15 வரையிலான 12 மாதங்களும் இருந்தவருக்கே ஓட்டு. ஆகஸ்டில் வரைவுப் பட்டியல் வெளியாகும். நம் ஆள் விடுபட்டிருந்தால் உரிமை கோர வேண்டும். எதிர்க்கட்சிக்காரர் வீடு மாறியிருந்தால் ஆட்சேபிக்க வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் பட்டியலைச் சரிபார்க்க நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் முன் விசாரணை. புதிய பட்டியல் ஜனவரி 1 முதல் செல்லும். அறை எடுத்துத் தங்கியவர்கள் பாடு இன்னும் மோசம்: அறையின் ஆண்டு மதிப்பு 10 பவுண்டு இருக்க வேண்டும், ஆண்டுதோறும் புதிதாக மனுவும் போட வேண்டும். மறந்தால் ஓட்டுப் போச்சு. யார் எந்தத் தெருவுக்குக் குடிபோனார் என்பது கட்சி ஏஜெண்டுக்கு எங்கே தெரியும்? பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியும். நௌரோஜி லண்டனின் சென்ட்ரல் ஃபின்ஸ்பரி தொகுதியில் ஜெயித்தது மறு எண்ணிக்கையில் 5 ஓட்டில் என்பதை நினைவில் வையுங்கள்.

உங்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. பீருக்காகச் சேர்ந்தவரை விலக்கினால் வருமானம் போகும். சேர்த்துக்கொண்டே போனால் அரசியல் ஓர் உபகுழுவாகச் சுருங்கும். கன்சர்வேடிவ்கள் இதற்கு அலட்டிக்கொள்ளவில்லை. லிபரல்களுக்குத்தான் தலைவலி. அவர்களின் முதுகெலும்பான மதுவிலக்குக்காரர்கள் பல கிளப்புகளில் பீரே கூடாது என்றார்கள். அங்கே கணக்கு துண்டுவிழுந்தது. தொழிலாளர் கிளப்புகளுக்காக 1862இல் ஒரு கூட்டமைப்பு தொடங்கிய ஹென்றி சோலி பாதிரியாரும் முதலில் மது வேண்டாம் என்றவர்தான்; அந்தத் தடை சில ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை.

பெரும்பாலும் இவை ஆண்களின் உலகம். விதிவிலக்கு ஒன்று நௌரோஜியின் தொகுதிக்குள்ளேயே இருந்தது: 1872இல் கிளார்க்கன்வெல் கிரீனில் தொடங்கி, பெண்களையும் உறுப்பினர்களாக்கிய லண்டன் பேட்ரியாட்டிக் கிளப். அதன் கட்டடம் இன்று மார்க்ஸ் நினைவு நூலகம்.