மணியனுக்கு இரண்டு வீடு – கடிதம்

அன்பின் அண்ணன்,

மாட்டுப்பட்டிகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். பட்டிக்காரரின் நாய்களை மட்டும் இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு இப்போது அதுதான் பிரச்சினை. மகனுக்குப் பதினொரு வயது. நாய் வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறான். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். நாய் வந்தால் வீடெல்லாம் மயிர், ராவெல்லாம் குரைப்பு, ஊசி மருந்துச் செலவு. ஒரு கலியாணத்துக்குத் திருகோணமலை போய் இரண்டு நாள் நிற்க முடியாது. விசர் நாய்க்கடிப் பயம் வேறு. சாமியறை இருக்கிற வீட்டுக்குள் நாய் ஏறக்கூடாது என்கிறார் மாமியார். கடைசியில் அது நமக்கு முன்னமே செத்தும் போகும். இவ்வளவும் தெரிந்துகொண்டு சனம் ஏன் நாய் வளர்க்கிறது?

கணவர் ஒரு ஜேர்மன் செப்பர்ட் குட்டி பார்த்து வைத்திருக்கிறார். முன்பக்கம் கூடு ஒன்று அடித்துவிட்டால் காவலுக்கும் ஆயிற்று என்கிறார். நாய் நன்றியுள்ள பிராணி, நாலடியாரிலேயே அதற்குப் பாட்டு இருக்கிறது. எனக்கு ஆறுதல் அது ஒன்றுதான். வாங்கலாமா, அண்ணன்?

க., களுவாஞ்சிகுடி

அன்பின் தங்கைக்கு,

அந்த இரண்டு வரி முதலில் இரண்டு பக்கமாக இருந்தது. மாட்டைப் பற்றிய கட்டுரையை நாய் இழுத்துக்கொண்டு போகிறது என்று வெட்டினேன். வெட்டியதிலிருந்து அந்த நினைப்பாகவே இருந்தேன். உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டது.

உங்கள் பட்டியலில் பாதியை நான் கணக்கில் எடுக்கவே மாட்டேன். மயிர் கொட்டும், வீட்டில் விளக்குமாறு இருக்கிறதுதானே. குரைக்கும், குரைக்காத நாயை வைத்து என்ன செய்வது? நாட்டு நாய் என்றால் செலவும் பெரிதாக வராது. மாமியார் விஷயத்தில் நான் தலையிட மாட்டேன். ஆனால் வைரவருக்கு வாகனம் எது என்று நல்ல நேரம் பார்த்து, பக்குவமாக, ஒருதரம் கேட்டுப் பாருங்கள். செத்துப் போகும் என்பது உண்மை. பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். உங்கள் மகன் மீசை முளைத்து, அழ வெட்கப்படுகிற வயதில் இருப்பான். அப்போது அழுவான். அழட்டும்.

எனக்குக் கோபம் வந்தது கடைசி வரியில்தான். நன்றியுள்ள பிராணி! படித்த பிள்ளை நீங்களும் இதையே சொல்கிறீர்கள். மிச்சச் சோற்றில் மீன் முள்ளைப் பிசைந்து வாசலில் கொட்டிவிட்டு, அது ஆயுள் முழுக்க நமக்கு நன்றியாக இருக்கிறதா என்று கணக்குப் பார்க்கிறோம். வட்டிக்குக் கொடுக்கிறவன்கூட இவ்வளவு வட்டி கேட்கமாட்டான்.

நாலடியார்ப் பாட்டு எனக்கும் பாடம். யானை அறிந்தறிந்தும் பாகனையே கொல்லும், எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதே வாலைக் குழைக்கும் நாய், அதனால் யானை போன்றவரை விட்டு நாய் போன்றவரோடு நட்புக் கொள் என்று போகிறது. பாட்டு நல்ல பாட்டு. ஆனால் அதை எங்கள் வட்டைக்குள், வயல்வெளிக்குள் கொண்டுவந்து பாருங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், பெரும்போக வெள்ளாமை விளைகிற நாட்களில் யானை இறங்கும். வாடியில் காவலுக்குப் படுக்கிறவர்கள் ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு போவார்கள். இருட்டில் யானை கிட்ட நின்றாலும் நமக்குத் தெரியாது, அவ்வளவு பெரிய உடம்பு அப்படிச் சத்தமில்லாமல் நிற்கும். நாய்க்கு மணம் பிடிபட்டுவிடும். அது குரைத்தால் எழும்பி யானை வெடியைக் கொளுத்தலாம். இதுவரைக்கும் சரி. ஆனால் சில நாய்களுக்கு ரோசம் அதிகம். நின்ற இடத்தில் குரைக்காமல் யானையின் காலடி வரைக்கும் ஓடிப்போய்க் குரைக்கும். யானை ஒருதரம் திரும்பித் துரத்தினால் அது எங்கே ஓடும்? நேரே எசமானிடம்தான் ஓடிவரும். வந்து அவருடைய இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்துகொள்ளும். பின்னால் யானை. வட்டைக் காவலில் பழகியவர்கள் இதற்குப் பயந்தே வாயாடி நாயைக் காவலுக்குக் கொண்டு போக மாட்டார்கள்.

ஆகவே காவலுக்காக நாய் வளர்க்கிறோம் என்பதும் பாதிக் கதை. இன்னொன்று சொல்கிறேன். ஜேர்மனியில் பொன் (Bonn) என்ற நகரத்துக்குப் பக்கத்தில் ஓபர்காசல் என்ற இடத்தில் 1914 இல் ஒரு பழைய புதைகுழியைக் கண்டெடுத்தார்கள். ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய். ஏறத்தாழ 14,000 வருடம் பழசு. அந்த நாய் முழுதாக வளரவில்லை, ஏழு மாதக் குட்டி. அதன் பல்லைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள், அதற்கு டிஸ்டெம்பர் என்கிற கடும் நாய் நோய் வந்திருக்கிறது, கிழமைக் கணக்கில் நோயாகக் கிடந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். யாரோ தண்ணீர் பருக்கி, கழிந்ததைத் துடைத்து, குளிரில் கிட்ட வைத்துப் பார்த்திருக்காவிட்டால் அது அவ்வளவு காலம் இருந்திருக்காது. வேட்டைக்கும் உதவாத, காவலுக்கும் உதவாத ஒரு நோயாளிக் குட்டி. அதற்கு இவ்வளவு செய்தவர்கள் பதிலுக்கு எந்த நன்றியை எதிர்பார்த்திருப்பார்கள்?

நீங்கள் கேட்டதிலிருந்து விலகிப் போகிறேன். பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் போகிறேன்.

எங்கள் வீட்டில் மணியன் என்று ஒரு நாய் இருந்தது. தவிட்டு நிறம், ஒரு காது எப்போதும் மடிந்தே கிடக்கும். கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சின்ன ஊர் எங்களுடையது. 2007 மார்ச்சில் யுத்தத்துக்குப் பயந்து படுவான்கரை எழும்பி வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்கு ஓடியது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களும் அப்போது நிறைந்து வழிந்தன. மண்முனையில் பாலம் 2014 இல்தான் வந்தது. அன்றைக்குப் பாதை என்கிற மிதவைப் படகும் தோணியும்தான். ஆட்களுக்கே இடம் இல்லை, மணியன் எங்கே என்று யாரும் பார்க்கவில்லை. பள்ளிக்கூட மண்டபத்தில் பாயைப் போட்டு இருந்த பிறகுதான் அம்மா கேட்கத் தொடங்கினா. மாடு என்னாயிற்று என்று கேட்கவில்லை, நெல் மூட்டை என்னாயிற்று என்று கேட்கவில்லை. அது தின்ன என்ன கிடக்கும், அது தின்ன என்ன கிடக்கும் என்று இது ஒன்றுதான்.

திரும்பிப் போக விட்டபோது வீட்டில் கதவு நிலைகூட இல்லை. மணியன் இருந்தது. எலும்பும் தோலுமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனோம். ஆள் நல்ல கொழுப்பு, மயிர் மினுங்குகிறது, கழுத்தில் சிவப்பு நூல் ஒன்று. அம்மாவைக் கண்டு துள்ளிக்கொண்டு ஓடிவந்தது. வந்து அவவின் சேலையில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு நிற்கும்போது, சந்திச் சென்றியிலிருந்து, அதாவது காவலரணிலிருந்து, ஓர் ஆமிக்காரப் பொடியன் "சூட்டி!" என்று கூப்பிட்டான். மணியன் திரும்பி அவனிடம் ஓடிப்போயிற்று.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு, "துரோகி நாய்" என்றா. அந்தக் காலத்தில் எங்கள் பகுதியில் அது விளையாட்டுக்குச் சொல்கிற சொல் இல்லை, தங்கச்சி. அதைச் சொல்லித்தான் ஆட்களை மின்கம்பத்தில் கட்டிக் கொன்றார்கள். ஒரு மடிந்த காது நாய்க்கு அம்மா அந்தப் பட்டத்தைக் கொடுத்ததும் நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். அந்த வளவுக்குள் எங்கள் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

அன்று பொழுதுபட்டதும் அது வந்து அடுப்படி வாசலில் தன் பழைய இடத்தில் படுத்தது. அம்மா பேசிப்பேசிச் சோறு வைத்தா. அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு. காலையில் சென்றியில் பாணும் பருப்பும், ராவில் எங்கள் வீட்டில் சோறு. அங்கே சூட்டி, இங்கே மணியன். இரண்டு பெயருக்கும் ஒரே மாதிரித்தான் வாலை ஆட்டியது. எந்த வீடு தன்னுடையது என்று அது ஒருநாளும் குழம்பினதாகத் தெரியவில்லை. குழம்பியது நாங்கள்தான்.

பிறகு ஒருநாள் அந்தப் பொடியன் மாற்றலாகிப் போகிறான் போல, பின்னேரம் வேலியடிக்கு வந்து நின்றான். கையில் மாரி பிஸ்கட் பக்கற் ஒன்று. துவக்கைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, "அம்மா, சூட்டி பாருங்க" என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அம்மாவுக்குத் தெரிந்த சிங்களம் அதுவும் இல்லை. பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தா. சீனி தனியாகக் கையில். அவன் வேலிக்கு வெளியே நின்றே குடித்தான், இவ உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தா, மணியன் வேலிப் பொட்டுக்குள்ளால் இரண்டு பக்கமும் போய்ப் போய் வந்தது. சீருடை போட்ட ஒருவரோடு என் அம்மா தன் ஆயுளில் பயமில்லாமல் பேசியது அந்த ஒருதரம்தான்.

நாலடியார்க் கணக்கில் மணியன் நன்றி கெட்ட நாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாய்க்கு மனிதரைப் பிடிக்கும். எந்த மனிதர் என்பதை அது பிறகுதான் பார்க்கும். சந்திக்குச் சந்தி அடையாள அட்டையைக் காட்டிக் காட்டித் தேய்ந்த சனம் நாங்கள். அதைக் கேட்காமல் கிட்ட வந்து மணந்துபார்க்கிற ஒரு சீவன் வாசலில் கிடக்கட்டும் என்று நினைத்ததில் என்ன அதிசயம்? ஏன் வளர்க்கிறார்கள் என்று கேட்டீர்களே, எங்கள் வீட்டுக் காரணம் இதுதான். மற்ற வீடுகளின் காரணத்தை மற்ற வீடுகளில் கேளுங்கள்.

இனி உங்கள் கணவரின் கூடு. வாசித்தவுடனே எனக்கு எரிந்தது. மனிதரின் வாசம் இல்லாமல் இருக்க முடியாத ஒரு பிராணியை நாலடிக்கு நாலடிக் கம்பிக் கூட்டில் அடைக்கிறது, ராவைக்கு மட்டும் திறந்துவிடுகிறது, பிறகு அது கண்டவரையெல்லாம் கடிக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறது. கல்லடியில் நான் நடக்கிற ஒழுங்கையில் மட்டும் இப்படி எத்தனை கூடு! தகரக் கூரை, பகல் வெயில், கவிழ்ந்து கிடக்கிற தண்ணீர்ச் சட்டி. செப்பர்ட் நாயின் மேல்மயிருக்குக் கீழே இன்னொரு அடர்ந்த மயிர் இருக்கிறது, குளிர்தேசத்துக்காக வந்த உடம்பு அது. சித்திரை வைகாசிக் கச்சான் காற்றின் வெக்கையில் அதைத் தகரத்துக்குக் கீழே போடப் போகிறீர்களா? காவல் வேண்டுமென்றால் மதிலை உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். மதிலுக்குத் தாகம் எடுக்காது.

விசர் நாய்க்கடிப் பயம் மட்டும் நியாயம். 1973 இல் இலங்கையில் அந்த நோயால் 377 பேர் செத்தார்கள். இப்போது வருடத்துக்கு இருபது முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை 2006 இல் நிறுத்தினார்கள், அதன் பிறகும் சாவு குறைந்துதான் வந்தது. ஊசியின் வேலை அது. வருடத்துக்கு ஒருதரம் நாய்க்கு ஊசி, அரசாங்கத்தில் காசில்லாமலே போடுகிறார்கள். எந்த நாய் கடித்தாலும், பூனை கீறினாலும், சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, பார்வை பார்த்தல் ஒன்றும் வேண்டாம். நோய்க்குறி தொடங்கிவிட்டால் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று மகனைப் பயம் காட்டாதீர்கள், அது பழைய காலம், இப்போது கையில்தான் போடுகிறார்கள்.

திருகோணமலைக் கலியாணத்துக்குப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டு நாளைக்குச் சோறு வைக்கப் பக்கத்து வீட்டில் ஆள் இல்லையென்றால் உங்கள் பிரச்சினை நாய் இல்லை.

வாங்கலாமா என்றால், வாங்க வேண்டாம். காசு கொடுத்து ஏன்? எங்கள் கோயில் மதிலோரம் ஒரு பெட்டை நாய் நாலு குட்டி போட்டது. ஆண் குட்டி இரண்டையும் கண் திறக்க முதலே ஆட்கள் பேசி வைத்துவிட்டார்கள். பெட்டைக் குட்டி இரண்டும் அப்படியே கிடக்கின்றன. இன்னும் கொஞ்ச நாளில் யாராவது உரைப்பையில் கட்டிச் சந்தையடியிலோ கடற்கரையிலோ கொண்டுபோய்க் கொட்டுவார்கள். வருடா வருடம் நடக்கிற கூத்து. கொட்டிவிட்டு வந்து குளித்துப் பூசையும் பார்ப்பார்கள். பெட்டை என்றால் தெருவெல்லாம் நாய் கூடும் என்கிற கதையை எனக்குச் சொல்ல வேண்டாம், அதற்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை இருக்கிறது, மிருக வைத்தியரிடம் கேளுங்கள். இரண்டில் ஒன்றுக்கு நெற்றியில் வெள்ளைப் பொட்டு, கொஞ்சம் பயந்த சுபாவம். மற்றது கையை நீட்டினால் பெருவிரலைச் சப்பும். சனிக்கிழமை பின்னேரம் மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். எது வேண்டுமென்று அவனே பார்க்கட்டும். கணவரும் வரலாம், ஆனால் கூட்டுக்கு அளவெடுத்துக்கொண்டு வந்தால் குட்டி தரமாட்டேன்.