பின்கட்டில் புகைக்கறி: முதல் அடுப்பு எது?

வாசகர் கேள்விகள், எங்கள் பதில்கள்

கே: புகையில் கறி சமைக்கும் ஸ்மோக்கர் ஒன்று வாங்க ஆசை. பத்தாயிரத்துக்கு மேல் போட முடியாது. பக்கத்தில் தனித் தீ அறை வைத்து, ரயில் எஞ்சின் மாதிரி இருக்கும் ஒன்று ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? வீட்டில் நாலு பேர். எனக்கு முன் அனுபவம் கிடையாது. (வாசகர், காரைக்குடி)

ப: அதை மட்டும் வாங்காதீர்கள். பார்க்க ஜோராகத்தான் இருக்கும். ஆனால் மலிவு விலைக்கு வருவதெல்லாம் மெல்லிய தகடு. சூடு தாங்காது, மூடியின் இடுக்குகளில் புகை ஒழுகும். அரை மணிக்கு ஒரு தரம் விறகு போட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வகை ஒழுங்காக வேலை செய்யத் தகடு குறைந்தது 3 மில்லிமீட்டராவது வேண்டும், 6 இருந்தால் நிம்மதி. அந்தக் கனத்துக்கு உங்கள் பணம் போதாது.

உங்களுக்கு ஏற்றது, உருண்டையாக மூடி போட்ட கெட்டில் அடுப்பு. 55 செ.மீ. சுற்றளவில் வேண்டாம், குறுக்களவில் பாருங்கள். விளம்பரங்களில் இந்த இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள். அடியில் ஒரு காற்று வழி, மூடியில் ஒரு காற்று வழி, இரண்டும் திறந்து மூடும்படி இருக்க வேண்டும். வாங்கியதும் இரவில் விளக்கை அணைத்துவிட்டு, உள்ளே செல்போன் டார்ச்சைப் போட்டு மூடுங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் காற்று நுழையும். விளிம்பில் மெல்லிய கோடாகத் தெரிந்தால் பரவாயில்லை. ஒரு பக்கம் மட்டும் விரல் நுழையும் இடுக்கு இருந்தால் திருப்பி அனுப்புங்கள். ஸ்மோக்கர் என்பதே காற்றை அளந்து விடும் பாத்திரம்தான். காற்று உங்கள் சொல் கேட்டால் சூடும் கேட்கும்.

கரியை எலுமிச்சை அளவுக்கு உடைத்து, அடுப்பின் உட்சுவரை ஒட்டி அரை வட்டமாக, இரண்டு துண்டு அகலம், இரண்டு துண்டு உயரத்துக்கு அடுக்குங்கள். அதன்மேல் இடைவெளி விட்டு மூன்று மரத்துண்டுகள். ஒரு முனையில் மட்டும் நன்றாகக் கனிந்த எட்டுப் பத்துக் கரியை வையுங்கள். நெருப்பு வரிசையாக நகர்ந்து போகும். எதிர்ப்பக்கம் தட்டில் தண்ணீர், அதற்கு மேலே கறி. மேல் வழி முழுக்கத் திறந்தே இருக்கட்டும். அடி வழி கால் பங்கு. 110 முதல் 130 டிகிரி செல்சியஸில் நாலைந்து மணி நேரம் ஓடும்.

மிச்சப்படும் காசில் இரண்டு முனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஒரு முனை கறிக்குள், இன்னொன்று கறியை ஒட்டிய கம்பியில். மூடியில் பதித்து வரும் முள் மேலே உள்ள சூட்டைத்தான் காட்டும். கறி இருக்கும் இடத்தில் அது வேறாக இருக்கும்.

கே: பட்டறையில் 200 லிட்டர் டிரம்மில் செய்து தருகிறேன் என்கிறார்கள். நம்பிக் கொடுக்கலாமா? என்ன அளவு சொல்ல வேண்டும்? (வாசகர், தேவகோட்டை)

ப: தாராளமாகக் கொடுக்கலாம். பத்துப் பதினைந்து பேருக்குச் சமைக்கிற வீட்டுக்கு எங்கள் ஓட்டு டிரம்முக்குத்தான். முதலில் கேட்க வேண்டியது, அந்த டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்பது. சமையல் எண்ணெய் என்றால் சரி. பெயின்ட், பூச்சிமருந்து, பெயர் தெரியாத ரசாயனம் என்றால் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடும் வேண்டாம், நெருப்புச் சூட்டில் அதன் புகை காய்ச்சல் வரவைக்கும்.

டிரம்மின் உயரம் சுமார் 88 செ.மீ., குறுக்களவு 57. தரையிலிருந்து 5 செ.மீ. மேலே, சுற்றிலும் 20 மி.மீ. துளை நான்கு போடச் சொல்லுங்கள். ஒன்றில் பித்தளை பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடும் ball valve), மற்ற மூன்றுக்கும் திருகு மூடி. பி.வி.சி. பொருத்தினால் முதல் நாளே உருகிவிடும். மூடியில் 50 மி.மீ. குழாய் ஒன்று. புகை வெளியேறும் வழி, காற்று நுழையும் வழிகளைவிடச் சிறியதாகிவிடக் கூடாது. பட்டறைக்காரர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

கரிக்கூடை 38 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம், வலைத்தகட்டில். 5 செ.மீ. கால் வைத்து, கீழே சாம்பல் தட்டு. கால் இல்லாவிட்டால் சாம்பல் மூச்சை அடைத்து, மூன்றாம் மணியில் நெருப்பு செத்துவிடும். கம்பித் தட்டு விளிம்பிலிருந்து 17 செ.மீ. கீழே, நான்கு எவர்சில்வர் போல்ட்டில் உட்காரட்டும். கூடை நிறையக் கரி இருக்கும்போது கறிக்கும் கரிக்கும் நடுவே 45 செ.மீ. இடைவெளி கிடைக்கும்.

துளை போட்ட பிறகு, மூடியில்லாமல் உள்ளே விறகை நிரப்பி இரண்டு மூன்று மணி நேரம் வெறித்தனமாக எரியவிடுங்கள். சில டிரம்களில் உள்ளே பழுப்பு நிறப் பூச்சு இருக்கும், அது முழுக்க எரிந்து போக வேண்டும். ஆறியதும் கம்பி பிரஷ்ஷால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, கடலை எண்ணெய் தடவி, 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகுதான் கறி. 4 கிலோ கரி ஒரு சமையலுக்குத் தாராளம்.

கே: எந்த மரம் போடலாம்? வீட்டை இடித்தபோது எடுத்த பழைய தேக்கு நிறையக் கிடக்கிறது. (வாசகர், கோட்டையூர்)

ப: தேக்கை விற்றுவிடுங்கள்! கரையான் மருந்தும் பாலிஷும் எத்தனை தலைமுறையாக ஏறியிருக்கிறதோ, அது கறிக்கு ஆகாது. கொய்யாக் கிளை முதல் தரம், அடுத்து புளி. ஆறு மாதம் காய்ந்ததாக, கைப்பிடி அளவில் மூன்று நான்கு துண்டு ஒரு சமையலுக்குப் போதும். வேம்பு கசக்கும். அரளி விஷம், பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். யூகலிப்டஸும் முந்திரியும் வேண்டாம்.

கரிக்கு நம் சீமைக் கருவேலத்தை மிஞ்ச ஆளில்லை. அமெரிக்காவில் டெக்சாஸ்காரர்கள் கொண்டாடும் மெஸ்கீட் மரத்துக்கு அது பங்காளி. கறி வாங்கும் கவனம் கரி வாங்கும்போதும் இருக்கட்டும்: இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்த கரி கணீரென்று ஒலிக்கும். மந்தமாகக் கேட்டு, உடைத்தால் உள்ளே பழுப்பாகத் தெரிந்தால் அரைவேக்காடு, கண்ணெரியப் புகையும். பற்றவைக்கத் தென்னம்பாளையும் பன்னாடையும் போதும். மண்ணெண்ணெய் ஊற்றினால் கறியில் மண்ணெண்ணெய்தான் மணக்கும்.

கே: மரத்துண்டை ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். புகை வீணாகாமல் இருக்க எல்லாத் துளையையும் மூடினேன். கோழி கன்னங்கரேலென்று கசந்துபோனது. என்ன தப்பு? (வாசகி, பள்ளத்தூர்)

ப: நீங்கள் சொன்ன இரண்டும்தான். ஊறிய மரம் முதலில் ஆவியை விடும், பிறகு மூச்சுத் திணறிப் புகையும். காற்று போதாத நெருப்பு, கெட்டியான வெள்ளைப் புகையைக் கக்கும். அதிலிருக்கும் தார் கறிமேல் படிந்ததுதான் அந்தக் கசப்பு. குழாய் வழியே மெலிதாக, நீலம் பாய்ந்த புகை வரும்வரை கறியை வைக்காதீர்கள். பற்றவைத்து அதற்கு முக்கால் மணி ஆகலாம். புகை கண்ணுக்கே சரியாகத் தெரியவில்லையே என்று பதறாதீர்கள், மணம் வந்தால் போதும். சூட்டைக் குறைக்க அடி வழியை மட்டும் நெருக்குங்கள். மேல் வழியைத் தொடாதீர்கள்.

ஆடிக் காற்றில் தொல்லை தலைகீழ்: காற்று அளவுக்கு மீறி நுழையும். காற்று வரும் பக்கத்துத் துளையை அடைத்து, எதிர்ப்பக்கத்தை மட்டும் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் பத்தே நிமிடத்தில் 180 டிகிரிக்குப் போய்விடும்.

கே: நாட்டுக்கோழி, ஆட்டுத் தொடை இரண்டுக்கும் எவ்வளவு நேரம்? நம்ம மசாலா தடவலாமா? (வாசகி, கானாடுகாத்தான்)

ப: ஆட்டு முன்னந்தொடை, எலும்போடு ஒன்றரைக் கிலோ. முந்தின இரவே கிலோவுக்கு 12 கிராம் உப்பு தடவி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் கொரகொரப்பாகப் பொடித்த மிளகும் சோம்பும் மட்டும் தடவி, 120 டிகிரியில் ஏற்றுங்கள். இரண்டரை மூன்று மணியில் கறியின் உட்சூடு 70ஐத் தொடும். அங்கே தெர்மாமீட்டர் எண் அசையாமல் நிற்கும். அடுப்பு கெட்டுவிட்டது என்று கரியை அள்ளிப் போடாதீர்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்குதான்: கறியிலிருந்து வெளியேறும் ஈரம் ஆவியாகி, ஏறுகிற சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அப்போது கறியை ஒரு தட்டத்தில் வைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய் வற்றல், கல்பாசி அரைத்த மசாலாவை ஒரு டம்ளர் எலும்புச் சாற்றில் கரைத்து ஊற்றி, அலுமினியத் தாளால் இறுக்கி மூடுங்கள். இன்னும் இரண்டு மூன்று மணி. உட்சூடு 92க்கு வந்து, கத்தி நெய்யில் இறங்குவது போல் இறங்கினால் எடுத்து, அரை மணி ஆறவிடுங்கள்.

அரைத்த மசாலாவை முதலிலேயே அப்பினால் புகை மசாலாவோடு நின்றுவிடும், கறிக்குள் சுவை சேராது. கல்பாசி மணமும் காணாமல் போகும்.

நாட்டுக்கோழியில் கொழுப்பு குறைவு, நார் கெட்டி. கடைசிவரை புகையில் விட்டால் செருப்புத்தோல்தான். முதுகைப் பிளந்து விரித்து 125 டிகிரியில் ஒரு மணி நேரம் புகை காட்டி, பிறகு மூடிய பாத்திரத்தில் சாற்றோடு ஒன்றரை முதல் இரண்டு மணி. பிராய்லர் என்றால் 145 டிகிரியில் ஒன்றேகால், ஒன்றரை மணி; தொடையின் உட்சூடு 75க்குக் குறையவே கூடாது, 80 என்றால் பக்குவம். கடையில் உரிக்காமல் தோலோடு தரச் சொல்லுங்கள், உரித்த கோழி வறண்டுவிடும்.

கே: புகை காட்டிய கறியை உப்புக்கண்டம் மாதிரி வெளியே கட்டித் தொங்கவிடலாமா? (வாசகர், திருமயம்)

ப: கூடாது. உப்புக்கண்டம் கெடாததற்குக் காரணம், உப்பும் வெயிலும் சேர்ந்து ஈரத்தை உறிஞ்சிவிடுவது. இது ஈரம் நிறைந்த வெந்த கறி. அடுப்பிலிருந்து எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜ், மூன்று நாளைக்குள் சாப்பாடு. சூடில்லாமல் புகை மட்டும் காட்டுகிற முறை 30 டிகிரிக்குக் கீழே செய்வது; நம் சித்திரை வெயிலில் நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

கே: கறியை வெட்டினால் ஓரத்தில் ரோஸ் நிறமாக ஒரு வளையம். வேகவில்லை என்று அத்தை சாப்பிட மறுக்கிறார். (வாசகி, காரைக்குடி)

ப: புகையிலுள்ள வாயுக்கள் கறியின் சிவப்போடு கலந்து தங்கிய நிறம் அது. தெர்மாமீட்டரை அத்தை கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

கே: மழைக்காலத்தில் வளவு முற்றத்தில் வைத்துச் செய்யலாமா? (வாசகர், கோட்டையூர்)

ப: வானம் தெரிந்தாலும் நாலு பக்கமும் வீடு. கரிப்புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. சுற்றுக்கட்டு அறைகளுக்குள் போய்த் தங்கும். பின்கட்டைத் தாண்டி, கிணற்றடிப் பக்கம், சுவரிலிருந்து பத்தடி தள்ளி வையுங்கள். மழை வந்தால் அன்றைக்குக் குக்கர்தான். ஆத்தங்குடிக் கல் பதித்த திண்ணையிலும் வேண்டாம்: கொழுப்பு சொட்டினால் கறை போகாது.