ஆரி ஊசி துணியில் சிக்கினால்

வீடியோ பார்த்து ஆரி வேலை பழகுகிறேன், சங்கிலித் தையலில் ஊசியை மேலே எடுக்கும்போதெல்லாம் துணியில் மாட்டுகிறது, ஊசி மட்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊசியை மாற்றுவதற்கு முன்னால் ஸ்க்ரூவைப் பாருங்கள். கைப்பிடியில் இருக்கும் ஸ்க்ரூவும் ஊசியின் கொக்கியும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். கொக்கி துணிக்கு அடியில் போனபின் அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்வது அந்த ஸ்க்ரூதான்.

தையல் போகும் திசைக்கு ஸ்க்ரூவை வைத்துக் குத்துங்கள். அடியில் கொக்கியில் நூலைச் சுற்றியதும் அரைச்சுற்று திருப்பி, ஊசியின் முதுகால் துணியை லேசாக முன்னால் தள்ளியபடியே மேலே எடுங்கள். துளை கொஞ்சம் விரியும், கொக்கி தட்டாமல் வந்துவிடும். இந்தத் தள்ளல் வீடியோவில் கண்ணுக்கே படாது. வேகத்தை 0.5-க்குக் குறைத்து, கையை மட்டும் பாருங்கள். எனக்கு இது பிடிபடுவதற்குள் ஒரு ஜாக்கெட் துணி பாழ்.

அப்புறம், ஃபிரேமில் துணி எவ்வளவு இறுக்கம்? விரலால் சுண்டினால் மேளம் மாதிரி சத்தம் வர வேண்டும். தொய்ந்த துணியில் யார் போட்டாலும் சிக்கும். பட்டுத் துணி இப்போதைக்கு வேண்டாம், காட்டனில் நேர்கோடு மட்டும் போடுங்கள்.