முசோலினி ரோமைப் படையெடுத்தா பிடித்தார்?
மகள் கட்டுரையில் ‘முசோலினி படையெடுத்து ரோமைப் பிடித்தார்’ என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைந்தது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். ஆசிரியர் செய்தது சரிதாங்க. 1922 அக்டோபர் 28 அன்று முசோலினியின் ஃபாசிஸ்ட் கட்சித் தொண்டர்களான கருஞ்சட்டைப் படை ரோமை நெருங்கியபோது, இத்தாலியப் பிரதமர் ஃபாக்டா, ராணுவத்தைக் கொண்டு அதைத் தடுக்க ராணுவச் சட்ட ஆணையை அரசரிடம் கொண்டுபோனார். அரசர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. 1921 நாடாளுமன்றத் தேர்தலில் ஃபாசிஸ்டுகள் வென்றது 35 இடங்கள்தான்! மிலானில் இருந்த முசோலினி, அரசர் அழைத்த பிறகு ரயிலேறி வந்து 30ஆம் தேதி பிரதமரானார்.

அப்புறம் 1923 அச்செர்போ தேர்தல் சட்டம்: முதலிடம் வரும் அணிக்கு 25 சதவீத வாக்கு இருந்தாலே மூன்றில் இரண்டு பங்கு இடங்கள். 1924இல் தேர்தல் வன்முறையை அவையில் கண்டித்த சோசலிஸ்ட் உறுப்பினர் மத்தேயோத்தி கொல்லப்பட்டார். இவற்றையும் மகளைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.